கலயமும் கலனும்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுத முடியுமா என்று இதழாசிரியர் கேட்டபோது, “நான் எழுதுகிறவன் இல்லை ஐயா, டேங்க் பார்த்தவன்” என்றேன். “அப்படியானால் டேங்கைப் பற்றியே எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டார். வடக்கே ஒரு மருந்து ஆலையின் நொதித்தல் பிரிவில், அதாவது நுண்ணுயிர்களைப் பெரிய டேங்குகளில் வளர்க்கும் இடத்தில், முப்பத்தோரு ஆண்டுகள் ஷிப்டு பார்த்துவிட்டு அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பியவன் நான். உயிரித் தொழில்நுட்பம் பற்றி எழுதிக் கேளுங்கள் என்று போன இதழில் போட்டிருந்தார்கள். வந்த கடிதங்களில் ஆறு இங்கே. சிலர் “அண்ணாச்சி” என்றே எழுதியிருக்கிறார்கள். ஊருக்கு வந்துவிட்டேன் என்று நம்பிக்கை வருகிறது.

கே: அண்ணாச்சி, இட்லி மாவு அரைத்துச் சுற்றிலும் உள்ள கடைகளுக்குப் போடுகிறேன். பத்துக் கிலோ அண்டாவில் வைத்தபோது மாவு பூப்போலப் பொங்கியது. வியாபாரம் கூடியதும் எண்பது கிலோ டிரம் வாங்கினேன். அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவுதான். இப்போது ஓரத்து மாவு ஒரு மாதிரி, நடு மாவு ஒரு மாதிரி. புளிப்பு மட்டும் ஏறுகிறது, பொங்குவதில்லை. கடைக்காரர்கள் திட்டுகிறார்கள். (ஒரு வாசகி, முக்கூடல்)

ப: அம்மா, உங்கள் உளுந்திலும் குறையில்லை, உங்கள் கையிலும் குறையில்லை. குற்றவாளி அந்த டிரம்.

அரைத்து முடித்ததும் மாவுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கல் உரசிய சூட்டில் இளஞ்சூடாக இருக்கும். சித்திரையில் கேட்கவே வேண்டாம். அண்டாவில் ஊற்றினால் அந்தச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். டிரம்மில் இறங்காது. தண்ணீர் என்றால் சூடான பகுதி மேலே வரும், குளிர்ந்த பகுதி கீழே போகும், அப்படிச் சுழன்றே ஆறிவிடும். மாவு கெட்டி, அதற்குள் சூடு ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். பாத்திரத்தின் அகலமும் உயரமும் இரண்டு மடங்கானால், நடுப்பகுதி ஆற எடுக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும். அண்டாவுக்கு இரண்டு மணி நேரம் என்றால் டிரம்முக்கு எட்டு மணி நேரம். அதற்குள் விடிந்துவிடும்.

சூடு நின்றால் என்ன? மாவைப் பொங்க வைப்பது லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. அது உளுந்தோடு ஒட்டிக்கொண்டே உங்கள் வீட்டுக்கு வருகிறது. புளிப்பையும் தரும், கரியமில வாயுவையும் விடும். அந்த வாயுவைக் குமிழாகப் பிடித்து வைத்துக்கொள்வது உளுந்தின் கொழகொழப்பு. இந்தப் பாக்டீரியாவுக்கு 25 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரை சௌகரியம். அதற்கு மேல் சூடு தங்கினால், வாயு விடாமல் புளிக்க மட்டுமே தெரிந்த வேறு வகைகள் முந்திக்கொள்ளும். ஓரத்தில் ஒரு கூட்டம் ஆள்கிறது, நடுவில் வேறொரு கூட்டம் ஆள்கிறது. ஒரே டிரம்மில் இரண்டு ராஜ்யம்.

நாங்கள் ஆலையில் படாதபாடு பட்டதும் இதே கணக்கில்தான். பாத்திரத்தின் எல்லா அளவுகளையும் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்கு கூடும், மேற்பரப்பு நான்கு மடங்குதான் கூடும். உள்ளே சூடு பெருகும் வேகத்துக்கு அதை வெளியேற்றும் தோல் போதாது. அதனால்தான் பெரிய டேங்குகளின் உள்ளே வளையம் வளையமாகக் குழாய் சுற்றிக் குளிர்நீர் ஓட விடுவோம். உங்கள் டிரம்மில் குழாய் விட முடியாது. ஆகவே டிரம்மை அரிசி ஊற வைக்க வைத்துக்கொள்ளுங்கள். மாவைப் பழையபடி எட்டு அண்டாவில் பிரித்து வையுங்கள். அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். வெயில் காலத்தில் உப்பை முன்பே போட்டால் புளிப்பு நிதானமாக ஏறும். அண்டாவில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், பொங்க இடம் வேண்டும். ஆனி, ஆடியில் சாரல் காற்று வீசும்போது ஐஸ் தேவையில்லை.

“கையால் கலக்கினால்தான் பொங்கும்” என்று உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கரண்டியால் கலக்கினாலும் பொங்கும். இதை அவரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கே: ஐயா, நான் உயிரித் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு மாணவி. குலுக்கியில் (குடுவையை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி) வைத்த குடுவையில் எங்கள் பாக்டீரியா நன்றாக வளர்ந்தது. அதையே ஐந்து லிட்டர் நொதிகலனில் (கிளறி வைத்த வளர்ப்புத் தொட்டி) மூன்று லிட்டர் ஊடகத்தில் (பாக்டீரியாவுக்கு உணவான கரைசல்) வளர்த்தோம். குலுக்கியில் இருந்த அதே நிமிடத்துக்கு 150 சுற்று வேகத்தையே கிளறிக்கும் வைத்தோம். பாதிகூட வளரவில்லை. எங்கே பிழை? (பாளையங்கோட்டை)

ப: கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டாய் மகளே. அந்த 150-தான் பிழை.

குடுவை கால் லிட்டர் என்றால் அதில் ஐம்பது மில்லிலிட்டர் ஊற்றியிருப்பீர்கள். குலுங்கும்போது அது கண்ணாடிச் சுவரில் மெல்லிய படலமாக ஏறி இறங்கும். தோசைபோல் பரந்து கிடப்பதால் காற்று சுலபமாக உள்ளே இறங்கிவிடும். நொதிகலனில் இருப்பது ஆழமான தண்ணீர். அடியிலிருந்து காற்றை ஊதினாலும், கிளறி வேகமாகச் சுற்றிக் குமிழ்களைப் பொடிப்பொடியாக வெட்டாவிட்டால் அவை மொந்தை மொந்தையாக மேலே வந்து உடைந்துவிடும். குலுக்கியின் சுற்றும் கிளறியின் சுற்றும் ஒரே எண்ணாக இருக்கலாம், ஆனால் செய்கிற வேலை வேறு. மாட்டுவண்டிச் சக்கரமும் சைக்கிள் சக்கரமும் நிமிடத்துக்கு ஒரே சுற்றுச் சுற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

இந்தத் தொழிலின் முக்கால்வாசித் தலைவலி ஆக்சிஜன். ஒரு லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ சீனியைக் கரைத்துவிடலாம். ஆனால் காற்றிலிருந்து ஆக்சிஜன் எவ்வளவு கரையும் தெரியுமா? 25 டிகிரியில் எட்டு மில்லிகிராம். சீனியும் உப்பும் கலந்த ஊடகத்தில் அதைவிடக் குறைவு, ஏழு என்று வைத்துக்கொள். நன்றாக வளர்ந்த கூட்டம் ஒரு லிட்டரில் மணிக்கு ஒரு கிராம் ஆக்சிஜனைத் தின்னும். வகுத்துப் பார். காற்று நின்றால் கையிருப்பு இருபத்தைந்து விநாடி. சாப்பாட்டை ஒரு வாரத்துக்குச் சேர்த்து வைக்கலாம், மூச்சைச் சேர்த்து வைக்க முடியாது.

எனக்கு இது புத்தகத்தில் ஏறவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, இரவு ஷிப்டு, மழை. ஐம்பதாயிரம் லிட்டர் டேங்க், பெனிசிலின் பூஞ்சை. மின்சாரம் போனது. கிளறியின் இரைச்சல் நின்றதும் கூடமே செவிடானது போல இருந்தது. கரைந்த ஆக்சிஜனைக் காட்டும் கருவியில் காகிதச் சுருள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நீல மைப் பேனா நேராகக் கோடு போட்டுக்கொண்டு வந்தது, சடாரென்று சரிந்து அடிக்கோட்டில் ஒட்டிக்கொண்டது. நான் டார்ச்சைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜெனரேட்டர் எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு காற்று வந்தது, கோடும் ஏறியது. ஆனாலும் அந்த டேங்கில் இருந்த பூஞ்சை பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை. மேஸ்திரி ஒருவர் இருந்தார். ஸ்குரூடிரைவரின் நுனியை டேங்கின் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். “நுரை கட்டுகிறது, எண்ணெய் விடு” என்பார். கருவி அதற்குப் பிறகுதான் சொல்லும்.

பெனிசிலினே ஆக்சிஜன் பிரச்சினையைத் தாண்டித்தான் மருந்தானது. 1928-இல் ஃபிளெமிங் லண்டனில் அதைக் கண்டார். அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்க முயன்ற ஆக்ஸ்போர்டு குழுவினர் பூஞ்சையைத் திரவத்தின் மேற்பரப்பில்தான் வளர்த்தார்கள். நோயாளிகளின் படுக்கையடிப் பாத்திரங்களைக்கூட அதற்குப் பயன்படுத்தினார்கள். 1941-இல் முதன்முதலாகச் சிகிச்சை பெற்ற காவலர் தேறி வந்தார். மருந்து தீர்ந்ததால் அவரது சிறுநீரிலிருந்தே மீண்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் போதாமல் அவர் இறந்தார். மேற்பரப்பில் வளர்ப்பதென்றால் ஊர் அளவுக்குத் தட்டு வேண்டும். அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்தில் மக்காச்சோளக் கழிவு நீரை உணவாகக் கொடுத்து, பூஞ்சையைத் திரவத்தில் மூழ்கடித்துக் காற்றூதி வளர்க்க வழி கண்டார்கள். 1944-இல் புரூக்ளினில் ஃபைசர் நிறுவனம் ஆழ் தொட்டிகளில் மொத்தமாகத் தயாரித்தது. அந்த முதல் ஆலைகளின் வடிவமைப்பில் முன்னின்றவர் மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ என்ற வேதிப் பொறியாளர். ஃபிளெமிங்கைத் தெரிந்த அளவுக்கு அவரைத் தெரிந்தவர்கள் குறைவு என்பதில் எனக்கு நீண்ட நாள் கோபம் உண்டு.

அடுத்த முறை கிளறியை 400, 500 என்று ஏற்றிப் பாருங்கள். கரைந்த ஆக்சிஜன், கரையக்கூடிய முழு அளவில் முப்பது சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கலனின் உள்சுவரில் நான்கு தடுப்புப் பட்டைகள் இருக்கின்றனவா என்றும் பார். அவை இல்லாவிட்டால் தண்ணீர் மொத்தமாகச் சுழலும், கலங்காது. நுரை கட்டினால் நுரைக்கொல்லி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடு. அதிகம் விட்டால் ஆக்சிஜன் கரைவது குறையும். இன்னொன்று: தின்கிற ஒவ்வொரு கிராம் ஆக்சிஜனுக்கும் ஏறத்தாழ பதினான்கு கிலோஜூல் சூடு வெளிவரும். குளிர்நீரைத் திறக்க மறந்தால் மணிக்கு மூன்று டிகிரிக்கு மேல் ஏறும்.

கே: அண்ணாச்சி, எங்கள் குடும்பம் பனைத் தொழில். பதநீர் இறக்க, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவோம். மகன் பயோடெக் படிக்கிறான். “சுண்ணாம்பு பழைய முறை, கலயத்தை நீராவியில் காட்டினால் போதும், சுத்தமாக இருக்கும்” என்கிறான். யார் சொல்வது சரி? (திசையன்விளை)

ப: மகனும் பாதி சரி, அண்ணாச்சி.

கலயத்தை நீராவியில் காட்டினால் கலயம் சுத்தமாகும். பாளை? சீவிய முகம் திறந்தே இருக்கிறது. காற்று, ஈ, அணில், நீங்கள் சீவும் அரிவாள் என்று எல்லா வழியிலும், பதநீரைக் கள்ளாக்கும் ஈஸ்ட் வந்து இறங்கும். பதநீரில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. ராத்திரி முழுதும் சொட்டுகிறது. ஒரு ஈஸ்ட் இரண்டு மணி நேரத்தில் இரண்டாகிறது என்று வைத்தாலே, பன்னிரண்டு மணி நேரத்தில் அறுபத்து நான்கு. ஓர் ஆயிரம் வந்து விழுந்தால் விடியும்போது அறுபத்து நாலாயிரம். அதனால் விருந்தாளி வருவதைத் தடுக்க முடியாத இடத்தில், வந்தவர் தங்க முடியாதபடி வீட்டை ஆக்கிவைப்பதுதான் வழி. சுண்ணாம்பு செய்வது அதுதான். சுண்ணாம்பின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான குணம்) ஏறிய சாற்றில் ஈஸ்ட் பெருக முடியாது. குளிர்ப் பெட்டியில் கலயத்தை வைத்தாலும் இதே பலன் கிடைக்கும். ஐம்பது அடி உயரத்தில் ஐஸ் பெட்டியைக் கட்டுவது யார் என்பதை மகனிடம் கேளுங்கள்.

ஆனால் அவன் சொன்னதில் ஒன்றை விட்டுவிடாதீர்கள். மண் கலயத்தின் நுண்துளைகளில் நேற்றைய சாறு ஒட்டியிருக்கும். அதுவே இன்றைக்கு உறை மோர். கழுவிக் காய வைத்து, தீயில் புகை காட்டி, பிறகு சுண்ணாம்பு தடவினால் சுண்ணாம்பு குறைவாகவே போதும். கருப்பட்டி காய்ச்சும் முன் தெளிய வைத்து வடிகட்டும்போது உங்களுக்கே வேலை குறைவது தெரியும்.

நீராவி பற்றி மகனுக்கு ஒரு செய்தி. கிருமி நீக்க 121 டிகிரியில் பதினைந்து நிமிடம் என்று பாடத்தில் இருக்கும். குக்கர் வெயிட் காட்டும் அழுத்தத்தில் வரும் சூடும் ஏறத்தாழ அதுதான். ஆவி நன்றாக வந்த பிறகே வெயிட்டைப் போட வேண்டும் என்று அவன் அம்மா சொல்வாரே, ஏன்? உள்ளே காற்று மிச்சம் இருந்தால் அழுத்தம் காட்டும், சூடு ஏறாது. எங்கள் ஆலையில் ஒரு முறை முழு டேங்க் கெட்டுப்போனது. பதினைந்து நாள் தேடிக் கண்டுபிடித்தோம். ஒரு வால்வின் கீழே ஒரு சாண் குழாய், முட்டுச்சந்து போல. அதில் குளிர்ந்த ஆவி நீராகத் தேங்கி நின்று, புதிய ஆவியை உள்ளே விடவில்லை. ஒரு சாண் குழாய்க்கு ஐம்பதாயிரம் லிட்டர்.

கே: சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறேன். பாக்டீரியா சும்மா வளர்கிறது, சீனித் தண்ணீர் போதும் என்கிறார்கள். பிறகு ஏன் இவ்வளவு விலை? (ஓய்வு பெற்ற தாலுகா அலுவலக ஊழியர், சேரன்மகாதேவி)

ப: முன்பு பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தார்கள். ஒரு கிலோ இன்சுலினுக்குப் பல டன் கணையம் வேண்டியிருந்தது. 1978-இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து உண்டாக்கிக் காட்டினார்கள். 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இப்போது ஈஸ்டிலும் செய்கிறார்கள்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. விலைக்குக் காப்புரிமை, வியாபாரம் என்று பல காரணங்கள் உண்டு, அவற்றை நான் தொடவில்லை. எனக்குத் தெரிந்தது டேங்குக்குப் பிறகு நடக்கும் வேலை. நம் ஊர் அல்வாவை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பா கோதுமையை ஊற வைத்து, அரைத்து, பிழிந்து, துணியில் வடிகட்டி, பாலைத் தெளிய விட்டு, மேலே நிற்கும் புளித்த தண்ணீரை இறுத்துக் கொட்டிய பிறகுதான் அடுப்பே பற்ற வைக்கிறார்கள். கோதுமையைவிட இந்தப் பாடு பெரிது. இன்சுலினும் அப்படித்தான். ஈ.கோலைக்குள் அது சுருண்டு கட்டியாகக் கிடக்கும். பாக்டீரியாவை உடைத்து, கட்டியைக் கரைத்து, சரியான வடிவத்தில் மடியச் செய்து, வேண்டாத துண்டை வெட்டி, பிறகு பல கட்டமாகச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு வீணானால் ஐந்து படி முடியும்போது கையில் 59 சதவீதம்தான் மிஞ்சும். கல்லூரிகளில் மரபணுவைப் பற்றி ஒரு வருடம் சொல்லிக்கொடுத்து, வடிகட்டுவதைப் பற்றி ஒரு வாரம் சொல்லிக்கொடுப்பதை நான் குறையாகவே சொல்வேன்.

கே: சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கிறேன். தினமும் ஐம்பது கிலோ சாணம், ஐம்பது லிட்டர் தண்ணீர். நன்றாக எரிந்தது. இரண்டு மாதமாகப் பக்கத்து ஓட்டல் மிச்சச் சோற்றையும் போட்டு, அடைக்காமல் இருக்கக் குழாயால் அடித்துக் கழுவி விடுகிறேன். வாயு போய்விட்டது. புளித்த வாடைதான் வருகிறது. (விவசாயி, களக்காடு)

ப: இரண்டு தப்பு ஒன்றாக நடந்திருக்கிறது.

உங்கள் கணக்குப்படி நாளுக்கு நூறு லிட்டர் உள்ளே போகிறது. நம் பக்கத்து வெப்பத்துக்கு முப்பது நாள் தங்கினால் போதும் என்று கலனை மூவாயிரம் லிட்டருக்குக் கட்டியிருப்பார்கள். குழாயால் அடித்தால் இன்னும் இருநூறு லிட்டராவது போகும். மூவாயிரத்தை முந்நூறால் வகுத்தால் பத்து நாள். மீத்தேன் தருகிற நுண்ணுயிர்கள் மெதுவானவை, இரண்டாகவே பல நாள் எடுக்கும். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்த புதிதில் பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். இழுப்பின் வேகத்துக்கு எதிர்நீச்சல் போட முடிந்தவன் அதே படித்துறையில் நிற்பான், முடியாதவன் அடுத்த படித்துறையில் கரையேறுவான். உங்கள் மீத்தேன்காரர்கள் அடுத்த வயலில் கரையேறிவிட்டார்கள்.

இரண்டாவது, சோறு. சாணம் ஏற்கெனவே மாட்டின் வயிற்றில் பாதி செரித்தது. சோறு அப்படியல்ல, உடனே அமிலமாகும். அமிலம் உண்டாக்குகிறவர்கள் வேகமானவர்கள், அதைத் தின்று வாயு விடுகிறவர்கள் மெதுவானவர்கள். புளிப்பு ஏறினால் பின்னவர்கள் வேலையையே நிறுத்திவிடுவார்கள்.

பத்து நாள் எதையும் போடாதீர்கள். பிறகு நன்றாக எரிகிற வேறொரு கலனிலிருந்து நாலைந்து குடம் கழிவுக் குழம்பை வாங்கி ஊற்றுங்கள். அதுதான் உறை. சாணத்தை மட்டும் பத்துக் கிலோவில் தொடங்கி ஏற்றுங்கள். சுடர் நீலமாக நின்று எரிய ஆரம்பித்த பிறகு சோறு போடலாம், நாளுக்கு ஒரு வாளி, மசித்து. குழாயைச் சுருட்டி வையுங்கள்.

கே: பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் செலவில்லாமல் எப்படிக் காட்டுவது? (ஆசிரியை, நாங்குநேரி)

ப: ஒரே அளவு கண்ணாடிப் பாட்டில் மூன்று. மூன்றிலும் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு கரண்டி சீனி, பேக்கரி ஈஸ்ட் அரைக் கரண்டி. ஒன்றை வெயிலில் வையுங்கள், ஒன்றை மண்பானைத் தண்ணீரில் நிறுத்துங்கள், மூன்றாவதில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு கலந்து நிழலில் வையுங்கள். மூன்றின் வாயிலும் பலூனை மாட்டுங்கள். கால் மணிக்கு ஒரு முறை நூலால் பலூனைச் சுற்றி அளந்து பிள்ளைகளே கரும்பலகையில் எழுதட்டும். சுண்ணாம்பைக் கலப்பது மட்டும் உங்கள் கையால் இருக்கட்டும்.